ஊர் கூடித் தேர் இழுத்த பேராசிரியர்

சென்ற மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வந்துகொண்டிருந்த வேளையில், என் பழைய மாணாக்கர் ஒருவர் கூட்டத்தினூடே என்னைக் கண்டு வணங்கினார். தோட்டத்து லயம் ஒன்றிலே பிறந்து, என்னிடம் நன்னூல் பாடங்கேட்டு, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து, இன்று விரிவுரையாளராக விளங்குபவர் அவர். மறுநாட் காலை என் இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் கடதாசி இருந்தது. நகரத்தில் வாழும் மக்களும், அதிகாரிகளும், பொறியியலாளரும் ஒருங்கிருந்து நகரைத் திட்டமிடும் கலையைக் கற்பிப்பதற்குப் புதிய பாடநெறியொன்றை வகுக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதிலுள்ள கலைச்சொற்களுக்கு நல்ல தமிழ் காண வேண்டும் என்பதே அவர் என்னை நாடி வந்ததன் நோக்கம்.

பாடவிதானத்தை முழுவதும் படித்தேன். சட்டம் இருந்தது, வரைபடக் கலை இருந்தது, புள்ளிவிவரம் இருந்தது, போக்குவரத்துக் கணக்கு இருந்தது. மக்கள் கடைசி அலகிலேதான் வந்தார்கள். திட்டமெல்லாம் வரைந்து முடிந்த பின்னர் அவர்களிடம் கருத்துக் கேட்கும் முறைகள் அங்கே கூறப்பட்டிருந்தன. தேரைக் கட்டி, அலங்கரித்து, நிலைக்கும் கொண்டு சேர்த்த பின்னர், வடம் பிடிக்க வாருங்கள் என்று ஊரை அழைப்பது போன்றது இது என எனக்குத் தோன்றியது. கலைச்சொல் ஒன்றும் கூறாமல், அன்று முழுவதும் அவருக்கு ஒரு மனிதரின் வரலாற்றைக் கூறினேன். அவர் பெயர் பற்றிக் கெடிஸ். அந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு நகரத் திட்டத்தோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நான் குடியிருந்த ஒழுங்கையில் ஒருநாள் சிலர் வந்து சுவர்களிற் சிவப்பு மையாற் குறியிட்டுச் சென்றனர். வீதி அகலமாகப் போகிறது என்றார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கு வேண்டா. வரைபடத்தைப் பார்க்க விரும்பிச் சென்றேன். ஒருவர் அதை மேசைமேல் விரித்துக் காட்டினார். எத்தனையோ அரிய பாட்டுக்களுக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு அந்தத் தாளில் என் வீடு எது, வேம்பு எது, அயலாரின் கிணறு எது என்று அறிய இயலவில்லை. தலையை அசைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வேம்பும் கிணறும் போயின. என் தலையசைப்பும் சம்மதமாகவே கொள்ளப்பட்டிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. அந்த நாணமே பின்னர் கெடிஸின் நூல்களைத் தேடி வாசிக்கச் செய்தது.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் பலற்றர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மலையும் ஆறும் தோட்டமும் சூழ்ந்த பேர்த் நகரையடுத்து வளர்ந்தார். தாவரவியல் கற்க எடின்பரோப் பல்கலைக்கழகம் புகுந்தவர், ஒரு வாரத்திலேயே அங்கிருந்து வெளியேறினார். உயிருள்ள செடியை விட்டு உலர்ந்த செடியின் பெயரைப் படிப்பது அவருக்கு உவப்பாகவில்லை. இலண்டன் சென்று ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் பெறாமலே பேராசிரியரானவர் அவர்; வாழ்நாள் முழுவதும் பரீட்சைகளை வெறுத்தவரும் அவரே. இதைக் கேட்டு மாணாக்கர் மகிழ்வர். ஆனால் அவர் பரீட்சைக்குப் பதிலாக விதித்த உழைப்பு எத்தகையது என்பதைப் பின்னர் காண்க.

1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிக்கோ சென்றவிடத்து அவருடைய கண்பார்வை மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. நுண்ணோக்கியோடு உறவாட வேண்டிய இளைஞனுக்கு இதைவிடக் கொடிய இடர் வேறில்லை. அந்த இருளிலே சன்னற் சட்டங்களின் கட்டங்களைக் கையாற் தடவியவாறு, ஒன்றோடொன்று தொடர்புடைய கருத்துக்களைக் கட்டங்களில் அமைத்து நோக்கும் பழக்கம் அவருக்கு உண்டாயிற்று. பார்வை மீண்டது, எனினும் நுண்ணோக்கியை நெடுநேரம் பார்க்கும் ஆற்றல் மீளவில்லை. சிறிய உயிரை ஆராய வந்தவர் நகரம் என்னும் பேருயிரை ஆராயத் தொடங்கியமைக்கு இந்தத் துன்பமும் ஒரு காரணம்.

1886இல் ஆனா மோட்டன் என்னும் நங்கையை மணந்தார். புதுமணத் தம்பதியர் குடிபுகுந்த இடமோ, எடின்பரோவின் பழைய நகரில், செல்வர் கைவிட்டுச் சென்ற, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோட் என்னும் முற்றம். பிறருக்கு அறிவுரை கூறுமுன் இருவரும் தாமே சுவருக்கு வெள்ளையடித்தனர், குப்பை அகற்றினர், சாளரங்களிற் பூச்செடி வைத்தனர். அயலார் முதலில் வியந்தனர். பின்னர் தாமும் கைகொடுத்தனர். 1887இல் மாணாக்கர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் விடுதியொன்றை அப்பகுதியிலேயே அமைத்தார். பல்கலைக்கழக மாணவன் ஏழையின் அயலவனாக வாழவேண்டும் என்பது அவர் கருத்து. நகரத் திட்டமிடலை அவர் கற்பித்த முதல் வகுப்பறை அந்த முற்றமே எனலாம்.

1892இல் அதே நகரின் கோட்டைக்கு அருகிலிருந்த ஒரு கோபுரத்தைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரமாக மாற்றினார். வருவோர் முதலில் உச்சிக்கு ஏறவேண்டும். அங்குள்ள இருட்டறையில், கண்ணாடியின் வழியே, நகரம் முழுவதும் அசையும் ஓவியமாக ஒரு மேசைமேல் விழும். தாம் நாள்தோறும் நடந்த தெருவை மக்கள் அங்கே புதிதாகக் கண்டனர். இறங்கி வருகையில் ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்கொட்லாந்து, பின்னர் ஐரோப்பா, கடைசியில் உலகம் என்று படிப்படியாக விரியும். வரைபடத்தை வாசிக்கத் தெரியாது தலையசைத்து வந்த என்னைப் போன்றோருக்காகவே கட்டப்பட்ட பள்ளிக்கூடம் அது. தன் ஊரை முழுதாகக் காணாதவனிடம் ஊரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதிற் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1888 தொடக்கம் 1919 வரை அவர் டண்டீ நகரிலே தாவரவியற் பேராசிரியர். ஆண்டில் கோடைத் தவணை மட்டுமே அங்கு கற்பிக்க வேண்டியிருந்தமையால், ஏனைய மாதங்கள் நகரங்களுக்கு உரியனவாயின. பிரெஞ்சு அறிஞர் லெ பிளே என்பவரைப் பின்பற்றி, இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்க வேண்டும் என்றார். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்காக வரைந்து, வேட்டுவன், இடையன், உழவன், மீனவன் ஆகியோர் எந்தெந்த நிலத்தில் எவ்வாறு வாழ்கின்றனர் என்று காட்டினார்.

இவ்விடத்தை வாசித்தபோது நான் நூலை மூடிவிட்டு நெடுநேரம் சிந்தித்திருந்தேன். குறிஞ்சி முதல் நெய்தல் வரை நிலத்தைப் பகுத்து, அவ்வந் நிலத்துக்குரிய முதலும் கருவும் உரியும் இவை என்று வரையறுத்த நம் பொருளிலக்கணத்தை அவர் கற்றிருந்தார் என்பதற்குச் சான்றில்லை. இரண்டும் ஒன்றே என்று கூறிப் பெருமை கொள்வதும் தகாது; ஒன்று செய்யுளுக்கு இலக்கணம், மற்றது வாழ்க்கை ஆராய்ச்சி. ஆயினும் நிலத்தையும் தொழிலையும் மனத்தையும் பிரிக்கலாகாது என்ற நோக்கில் இரண்டும் ஒத்து நிற்கின்றன. திணை கற்ற தமிழ் மாணவனுக்குக் கெடிஸ் அந்நியரல்லர். நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து தேயிலையும் மிளகும் கடந்து, சுது கங்கைக் கரையின் வயலை அடைந்து, தம்புள்ளையின் வறண்ட நிலம் வரை எங்கள் மாவட்டத்தை ஒரு மாணவன் குறுக்காக வரைந்தால், அதுவே அவன் முதற் பாடமாகும்.

1914இல், சென்னை ஆளுநராயிருந்த பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, மூத்த மகன் அலஸ்ரயருடன் இந்தியா வந்தார். பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த நகரக் கண்காட்சி வேறொரு கப்பலிற் பின்னே வந்தது. சென்னைமீது குண்டு வீசிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை நம் பாட்டன்மார் மறந்ததில்லை. அதே எம்டன், கெடிஸின் கண்காட்சியைச் சுமந்து வந்த கப்பலையும் கடலில் ஆழ்த்தியது. படங்களும் வரைபடங்களும் ஒன்றும் எஞ்சவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்திற் சென்னையில் மீண்டும் கண்காட்சி நடந்தது.

பின்னர் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் எனத் தமிழ் நகரங்களை நடந்து பார்த்தார். நடந்து என்பதை அழுத்திக் கூறுகிறேன். நெருக்கமான பகுதியைக் கண்டால் நேர்கோடு இழுத்து, வீடுகளை இடித்து, அகல வீதி போடுவதே அக்காலப் பொறியியலாளர் வழக்கம். கெடிஸ் வெயிலில் சந்து சந்தாகச் சென்றார். பாழடைந்த வீடு எது, செப்பனிடத் தக்கது எது, மரம் எங்கே, கிணறு எங்கே என்று குறித்தார். இடிந்தவை சிலவற்றை மாத்திரம் அகற்றினால், அங்கே சிறு வெளி தோன்றும், சந்து மூச்சுவிடும், குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், செலவும் மிகக் குறையும். இதற்கு அவர் இட்ட பெயரை, பேணும் சத்திரசிகிச்சை என்று தமிழாக்கலாம். உடலைக் கொன்று நோயைத் தீர்ப்பவன் வைத்தியனல்லன் அல்லவா?

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க எண்ணியோரை எதிர்த்தார். நீரிலே மீனும் வாத்தும் வளர்த்தால் அவையே கொசுப்புழுவைத் தின்னும், குளம் காற்றைக் குளிர்விக்கும் என்று விளக்கினார். தேரோடும் வீதிகள் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் நம் ஊரமைப்பை அவர் வியந்து போற்றினார். கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். ஆண்டுக்கொருமுறை தேர் வரவேண்டும் என்பதாலேயே வீதியை அடைத்து ஒருவரும் வீடு கட்டுவதில்லை. எழுதாச் சட்டம் அது. ஊரே அதற்குக் காவல்.

1917 அவர் வாழ்வில் இடி விழுந்த ஆண்டு. போர்க்களத்திலே அலஸ்ரயர் பிரான்சில் இறந்தார். அப்போது மனைவி ஆனா இந்தியாவில் கடுங் காய்ச்சலிற் கிடந்தார். மகன் இறந்த செய்தியைச் சொல்லக் கணவருக்கு நா எழவில்லை; மகனின் பழைய கடிதங்களையே அவருக்கு வாசித்துக் காட்டினார். சில வாரங்களில், ஒன்றும் அறியாமலே, ஆனாவும் கல்கத்தாவிற் கண்மூடினார். ஜேம்ஸ் கோட்டிலே சுவருக்கு வெள்ளையடித்த துணை போயிற்று. அறுபத்திரண்டு வயதில் அந்த மனிதர் மீண்டும் தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் சென்றது இந்தோர் நகருக்கு. கொள்ளைநோய் மக்களை வாட்டியிருந்தது. வரைபடத்துடன் திரியும் நரைத்தாடி வெள்ளையரைக் கண்டு, வீட்டை இடிக்க வந்தவர் என்று மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை அவர் நீக்கிய விதத்தை அவர் வரலாற்றை எழுதினோர் சுவைபடக் கூறுவர். மன்னரிடம் ஒருநாள் அதிகாரத்தை வேண்டிப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியிற் செல்லாது. எந்தத் தெருவில் வீடுகள் மிகுதியாகச் செப்பனிடப்பட்டுத் துப்புரவாயிருக்கின்றனவோ, அந்தத் தெருவழியே செல்லும் என அறிவித்தார். தெருக்களிடையே போட்டி மூண்டது. வண்டி வண்டியாகக் குப்பை நகரைவிட்டு நீங்கிற்று. ஊர்வலத்தில் யானைகள் வந்தன, அழுக்கரக்கனும் பெருச்சாளியும் உருவங்களாக வந்தன, திருமகள் வந்தாள். யாவரினும் மேலாக, நகரைத் துப்புரவாக்கும் தொழிலாளர் வெள்ளுடையும் மலரும் அணிந்து பெருமிதத்தோடு நடந்து வந்தனர். வீடுதோறும் துளசியை நட்டுப் பேணும் பெண்களே நல்ல நகரின் முதல் ஆசிரியர் என்பது கெடிஸின் எண்ணம். 1918இல் இந்தோருக்காக அவர் எழுதிய அறிக்கை இரண்டு பெருந் தொகுதிகளாக வெளிவந்தது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியலும் நகரவியலும் கற்பிக்கும் துறையின் முதற் பேராசிரியராக அமர்த்தியது. நம் துணைக்கண்டத்தின் முதற் சமூகவியற் துறைகளுள் அது ஒன்று. என் மாணாக்கரின் கடதாசிக் கட்டுக்கு முன்னோடி அங்கேதான் இருக்கிறது. கண்காட்சிப் படங்களே பாடநூல்; நகரமே ஆய்வுகூடம். பின்னர் பெரும் அறிஞராகி, 1924இல் அத்துறையைப் பொறுப்பேற்ற கோவிந்த சதாசிவ குர்யே இளைஞராக வந்தபோது, பம்பாய் நகரைப் பற்றியே அவரைக் கட்டுரை எழுதச் செய்தார். தான் வாழும் ஊரை ஆராய்ந்து எழுதுவதே பரீட்சைக்கு மாற்றாக அவர் கண்ட உழைப்பு.

இக்காலத்திலேயே, 1921இல், கொழும்பு நகரைப் பற்றியும் ஒரு முன்னறிக்கை வழங்கினார். தாகூரோடு விசுவபாரதியைப் பற்றிக் கடிதங்கள் பரிமாறினார். ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். எருசலேமுக்கும் தெல் அவீவுக்கும் திட்டம் வகுத்தார். உடல்நலம் குன்றவே 1924இல் பிரான்சின் மொன்பெலியே நகரிற் குடியேறி, அங்கும் ஒரு கல்லூரியை எழுப்பினார். 1932இல் சேர் பட்டம் பெற்ற சில மாதங்களுள், ஏப்ரல் 17ஆம் நாள், அங்கேயே மறைந்தார். அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்போர்ட் அவருடைய கருத்துக்களை உலகறியச் செய்தார்.

குறை கூறாத வரலாறு வரலாறாகாது. கெடிஸ் தாடிக்குள் முணுமுணுத்தே பேசுவார். வகுப்பிற் பலருக்கு அவர் சொன்னது விளங்கவில்லை. ஒரு வேலையை முடிக்குமுன் மூன்றைத் தொடங்கினார். அறிக்கைகளிற் பல அலுமாரிகளில் உறங்கின. இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. இந்தோரில் மக்கள் தெருவைப் பெருக்கினர், ஊர்வலம் கண்டனர். ஆயினும் திட்டத்தை ஏற்பதும் தள்ளுவதும் மன்னர் கையிலேயே இருந்தன. மக்கள் வடத்தைப் பிடித்தனர்; தேர் எந்த வீதியில் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆட்சி மக்களிடம் இல்லாத காலத்தில் ஒரு பேராசிரியர் அதற்குமேல் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் நம் காலத்துப் பாடநெறி அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடலாகாது.

மாத்தளை மாவட்டத்தில் இருப்பவருக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்னும் மன்னன் சிகிரியாவிலே நீர்ப்பூங்காவும் மதிலும் அகழியுமாக அமைத்த நகரம் இன்றும் உலகை வியக்கச் செய்கிறது. ஒருவன் கண்ட கனவு அது. அவன் மாண்டதும் தலைநகரம் அநுராதபுரத்துக்கே மீண்டது. மறுபுறம் மலைச்சரிவுகளில் லயங்களைக் காண்கிறோம். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த நம் முன்னோருக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை போதும் என்று யாரோ வரைந்தார்கள். அடுப்பு எங்கே வைப்பாய், குழந்தை எங்கே படிக்கும் என்று ஒரு தாயிடமும் எவரும் கேட்கவில்லை. கோடு இழுத்தவர் போய்விட்டார். அந்தக் கோட்டுக்குள்ளே தலைமுறைகள் வாழ்ந்தன.

இவ்வளவும் கூறி முடித்தபோது மாலையாகிவிட்டது. என் மாணாக்கர் நெடுநேரம் பேசவில்லை. அவர் பிறந்ததும் அத்தகைய அறையொன்றிலேதான். பின்னர் பேனாவை எடுத்து, கடைசி அலகை முதல் அலகாக மாற்றினார். முதல் மாதம் மாணவர் வகுப்பறைக்கு வருவதில்லை. நால்வர் நால்வராக ஒரு தெருவையோ ஒரு லயத்தையோ தேர்ந்து, அங்குள்ளாரோடு நடந்து, அவர்கள் சொற்படியே வரைபடம் வரைய வேண்டும். இரண்டாவது அலகில், அந்த வரைபடத்தை அம்மக்களே வாசித்துத் திருத்தப் பழக்க வேண்டும். சட்டமும் கணக்கும் அதன் பின்னரே. இறுதியில், இரண்டு தரப்பார் முரண்படுமிடத்து எவ்வாறு முடிவு காண்பது, அம்முடிவில் மக்களுக்குரிய வாக்கு யாது என்பதற்கு ஒரு முழு அலகு. மாணவர் வரைந்த படத்துக்குப் புள்ளியிடுவோருள் அத்தெருவாரும் இருப்பர் என்றும் எழுதினார். அதைப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று ஐயுற்றார். கேட்டுப் பார்க்கும்படி கூறினேன்.

கலைச்சொற்கள் பற்றிய நினைவு அவருக்கு வாசற்படியிலேதான் வந்தது. பாடநெறிக்காவது தமிழில் ஒரு பெயர் தரும்படி வேண்டினார். ஊர் கூடி நகரமைத்தல் என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பல்கலைக்கழகம் வரை காத்திராமல், நம் பள்ளிப் பிள்ளைகளைத் தம் தெருவின் படத்தை இப்போதே வரையப் பழக்குவோமாக. நாளை யாரேனும் சுவரிற் சிவப்புக் குறியிட வரும்போது, அவர்கள் என்னைப் போல் தலையசைத்துத் திரும்பமாட்டார்கள்.